பாலமும் பறக்கும் கண்ணும்

வீரமுனையிலிருந்து கரையோரத்துக்குச் செல்பவன் சம்மாந்துறையைத் தாண்டி, இருமருங்கும் வயல்வெளி விரிந்து கிடக்க, மாவடிப்பள்ளியில் நீரைக் கடந்து காரைதீவை அடைகிறான். கோடையில் இவ்வழி கண்ணுக்கு விருந்து; மாரியில் இதுவே நெஞ்சுக்கு அச்சம். மேற்கே பெய்த மழைநீரும், கல்லோயா என இப்பொழுது வழங்கும் பட்டிப்பளையாற்றின் வெள்ளமும், வட்டைகளின் வடிநீரும் ஒருங்கே கடலை நாடி வரும்பொழுது வீதி எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிதல் அரிது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அவ்விடத்தில் நிகழ்ந்ததை இப்பகுதியில் மறந்தவர் ஒருவரும் இலர். வீடு திரும்பிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. சிறுவர் பலர் மீளவில்லை.

அதன் பின்னர் ஒரு கிழமைக்கு மேலாக, வகுப்பில் வரவுப் பதிவேட்டை விரித்துப் பெயர்களை அழைக்கும்பொழுது என் குரல் தடுமாறிற்று. அழைத்த பெயருக்கு மறுமொழி வராத கணம் எத்தகையது என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் அறிவர்.

இதனை முதலிற் சொல்லக் காரணம் உண்டு. அண்மையில் எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் மாணவர் விவாதம் ஒன்று நடத்தினர். ‘பாலங்களைக் காக்க ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் போதும்’ என்பது பொருள். நடுவராக அமர்ந்தவன் நான். ஒட்டிப் பேசியோர் செய்திகளைத் திரட்டி வந்திருந்தனர். வெட்டிப் பேசியோரோ, ‘பொறி வந்தால் மனிதனுக்குத் தொழில் போகும்’ என்ற ஒன்றையே செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி வந்தனர். ஆதலால் ஒட்டியோருக்கே வெற்றி என்று தீர்ப்புக் கூறினேன். வீடு திரும்பும் வழியில் அத்தீர்ப்பு எனக்கே உவப்பாக இல்லை. ‘போதும்’ என்ற சொல்லை நான் எடை போட்டுப் பார்க்கவில்லை. அன்று மன்றத்திற் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகின்றேன்.

தமிழ்ப் பண்டிதனுக்குப் பாலத்தோடும் பொறியோடும் என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்லக் காரைதீவே போதும். அவ்வூரிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. விஞ்ஞானத்தைத் தமிழிற் பேசுவது பண்டிதர்க்கு அடாத செயல் என்று அவர் கருதவில்லை.

சொல்லாக்கம் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல் ஆண் தேனீயைக் குறிப்பது. ஆண் தேனீ தேன் சேர்ப்பதில்லை, கொட்டுவதுமில்லை, இரைச்சல் மட்டும் உண்டு. எவர் வைத்த பெயரோ, பொருத்தந்தான்! தமிழில் ஆளில்லா வானூர்தி என்று எழுதுகின்றோம். ஆயின் எழுதுவோர் பெயரிடுமுன்பே மக்கள் பெயரிட்டுவிட்டனர். போர்க்காலத்தில் வன்னி வானத்தில் வட்டமிட்ட வேவு விமானத்தை அங்குள்ளோர் ‘வண்டு’ என்றனர். அச்சொல்லில் அழகும் உண்டு, அச்சமும் உண்டு. தலைக்கு மேல் ஒன்று இரைந்தால் முதியவர் சிலர் இன்றும் அண்ணாந்து பாராமல் உள்ளே போவதை நான் கண்டிருக்கிறேன். அதே வண்டு இன்று பாலத்தின் அடியிற் புகுந்து அதன் நோயைத் தேடுகின்றது என்றால், காலம் ஒரு நல்ல வேலையும் செய்திருக்கின்றது என்றே சொல்லவேண்டும்.

அது என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் மேற்புறம் நாம் நடக்கும் இடம். நோய் பெரும்பாலும் கீழ்ப்புறத்தில் இருக்கின்றது. அங்கே மனிதன் போகவேண்டுமாயின் சாரம் கட்டவேண்டும், அல்லது கயிற்றில் தொங்கவேண்டும், அல்லது கை நீட்டும் பெருவண்டி ஒன்றை மேலே நிறுத்திப் போக்குவரத்தை மறிக்கவேண்டும். ட்ரோனோ சில மணி நேரத்தில் உத்திரம், தாங்கி, தூண் யாவற்றையும் நூற்றுக்கணக்கான நிழற்படங்களாக எடுத்துவிடும். அப்படங்களைக் கணினி ஒன்றாகப் பொருத்துகின்றது. வெடிப்பு இது, துரு இது, கொங்கிறீற்று உதிர்ந்த இடம் இது என்று மனிதர் முன்னரே குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு, புதிய படங்களில் அவற்றைத் தேடி அடையாளமிடுகின்றது. சென்ற ஆண்டு கால் மில்லிமீற்றராக இருந்த வெடிப்பு இவ்வாண்டு அரை மில்லிமீற்றராகியிருப்பின், அவ்வேறுபாட்டை அளந்து சொல்லும். இவ்வொப்பீடே அதன் மிகப் பெரிய பயன் என்பது என் எண்ணம். மனிதக் கண் இன்று காண்பதைச் செம்மையாகக் காணும். சென்ற ஆண்டு கண்டதை மறந்துவிடும்.

அதன் கண் வழுவாதது என்று மட்டும் எண்ணிவிடலாகாது. சிலந்தி வலையையும், நீர் வடிந்த கறையையும், வார்ப்புப் பலகையின் மூட்டு விட்ட கோட்டையும் வெடிப்பென்று குறிப்பதுண்டு. பாலத்தின் அடியில் செய்மதியின் சமிக்ஞை எட்டாது. காற்றுச் சுழன்றடித்தால் பொறியை நிலையாக நிறுத்துவது கடினம். வேற்று நாட்டுப் பாலங்களின் படங்களிற் பயின்ற பொறிக்கு எங்கள் ஊர்ப் பாசியும் நீர்க்காகத்தின் எச்சமும் புதிய பாடம். இவை யாவும் காலப்போக்கிற் திருந்தக்கூடியவை. ஆதலின் இவற்றை நான் பெரிது படுத்தவில்லை. நான் சொல்ல வந்த குறை வேறு.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் முறையால் வகுத்துச் செல்வதை மாணவர் அறிவர். ஓரறிவு தொடுவுணர்வு, அது புல்லுக்கும் மரத்துக்கும் உண்டு. பின்னர் சுவை, அதன்பின் நாற்றம், நான்காவது காட்சி, ஐந்தாவது கேள்வி, ஆறாவது மனம். இவ்வரிசையில் ட்ரோனை எங்கே வைப்பது? நான்காவதாகிய காட்சி அதற்கு நம்மினும் கூர்மையாக உண்டு. ஆயின் புல்லுக்குள்ள முதலறிவு அதற்கு இல்லை. ஐந்தாவதும் இல்லை. ஆறாவது பற்றிக் கற்றவர் வாதிடட்டும். ‘நுண்ணறிவு’ என்று பெயரிட்டுவிட்டதனாலேயே அறிவு வந்துவிடாது என்ற அளவில் நான் நின்றுகொள்கிறேன்.

தொடுவதும் கேட்பதும் ஏன் வேண்டும் என்று கேட்பீர்கள். சந்தையிற் பானை வாங்கும் பெண்ணைப் பாருங்கள். அவள் பானையைக் கண்ணால் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். கணீரென்றால் நல்ல பானை. மங்கலாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கின்றது, கண்ணுக்குத் தெரியாவிடினும் இருக்கின்றது. கொங்கிறீற்றின் இயல்பும் இதுவே. கடற்காற்றில் வரும் உப்பு அதன் நுண்துளைகளின் வழியே மெல்ல மெல்ல உட்புகுந்து இரும்புக் கம்பியை அடைகின்றது. கம்பியிற் கறள் பிடிக்கின்றது. கறள் பிடித்த இரும்பு முன்னிருந்ததிலும் மிகுந்த இடத்தை வேண்டும். ஆதலின் தன்னைச் சூழ்ந்த கொங்கிறீற்றை உள்ளிருந்தே நெருக்கிப் பிளக்கின்றது. வெளியில் வெடிப்புத் தோன்றுவது இக்கதையின் பிற்பகுதியில். அதற்கு முன்பே உள்ளே படை படையாகப் பெயர்ந்து வெற்றிடம் உண்டாகியிருக்கும். சுத்தியலாற் தட்டினால் அவ்விடம் பொள்ளென்று ஒலிக்கும்.

யப்பானியர் இதனை நன்கறிவர். 2012ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நாட்டுச் சசாகோ சுரங்கப்பாதையின் மேற்றளப் பலகைகள் வாகனங்களின் மீது வீழ்ந்து ஒன்பது பேர் இறந்தனர். அதன் பின்னர், 2014 முதலாக, ஒவ்வொரு பாலத்தையும் சுரங்கத்தையும் ஐந்தாண்டுக்கொருமுறை மிக அருகில் நின்று பார்க்கவேண்டும் என்று விதித்தனர். வேண்டியவிடத்துத் தட்டியும் பார்த்தனர். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பாலங்களை உடைய அந்நாடு, ஆட்பற்றாக்குறையால் 2019இல் ட்ரோன் முதலிய பொறிகளையும் பயன்படுத்த வழி விட்டது. ஆயினும் சுத்தியலைக் கீழே வைத்துவிடவில்லை. இப்பொழுது தாமே தட்டிப் பார்க்கும் பறக்கும் பொறிகளையும் ஆக்கி வருகின்றனர். வண்டுக்கு விரலும் செவியும் முளைக்கின்றன போலும்.

கேள்வியைப் பற்றிப் பேசும்பொழுது கல்லடிப் பாலத்தை நினையாதிருக்க மட்டக்களப்புப் பக்கத்தாரால் இயலாது. ஆங்கிலேயர் காலத்தில், 1920களில், இரும்பாற் கட்டப்பட்டுத் தேசாதிபதி மனிங்கின் மனைவியாரின் பெயரைத் தாங்கிய அப்பாலம், நெடுங்காலம் ஒரு திசை வண்டி போக மறு திசை வண்டி காத்து நிற்கும் ஒற்றைப் பாதையாய்ப் பணிபுரிந்தது. வாவியில் மீன் பாடுவதைக் கேட்க நிலாக் காலத்தில் மக்கள் கூடியதும் அதன் அருகேதான். அவ்விசையை விபுலாநந்த அடிகள் நீரரமகளிர் இசையாக்கிப் பாடியதை இலக்கிய அன்பர் அறிவர். யப்பானிய உதவியோடு கட்டிய புதிய பாலம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பழையது அதன் பக்கத்தே நிற்கின்றது. இரண்டையும் ஒருங்கே பார்க்கும்பொழுது எனக்குத் தோன்றுவது இது: பழைய இரும்புப் பாலம் தன் நோயை வெளியே காட்டும், ஆணி தளர்ந்தாலும் கறள் ஏறினாலும் நடப்பவன் காண்பான், அது எழுப்பும் ஓசையிற் கேட்பான். புதிய கொங்கிறீற்றுப் பாலமோ வெள்ளை வேட்டி கட்டிய நோயாளி. உள்ளே உள்ளது வெளியே தெரியாது. ஆதலினால் நாட்பட நாட்படப் புதியதற்கே நுணுகிய சோதனை மிகுதியும் வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. அது எங்கள் பகுதிக்குச் சிறப்பாக உரியது. பாலங்கள் வீழ்வதற்குப் பல நாடுகளிலும் தலையாய காரணம் வெடிப்பன்று. வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்துச் செல்வதே. விரைந்து வரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, அடியிலுள்ள மணலைக் கிண்டி எடுத்துவிடும். வெள்ளம் வடியும்பொழுது அக்குழியைச் சேறு மூடிவிடும். மேலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் முன்போலவே தோன்றும். கலங்கிய நீருக்குள் ட்ரோனின் கண் செல்லாது. அங்கே ஒலியால் ஆழம் அறியும் கருவி வேண்டும். மூழ்கிப் பார்க்கும் மனிதன் வேண்டும். அவை இல்லாதவிடத்து, எங்கள் வாவியின் தோணிக்காரர் கையிலுள்ள கோல் ஒன்றேனும் வேண்டும். தூணுக்கு அருகே சென்ற மாதம் எவ்வளவு ஆழம், இம்மாதம் எவ்வளவு என்பதை அவர்கள் வினாவாமலே சொல்வார்கள். அவர்களிடம் எவரும் வினாவுவதில்லை என்பது வேறு கதை.

கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே கிட்டங்கியில் மாரிதோறும் நீர் மேவிப் பாய்ந்து போக்குவரத்துத் தடைப்படுவது ஆண்டாண்டாக நிகழ்ந்துவந்திருக்கின்றது. அத்தகைய தாம்போதிகளில் நுண்ணிய வெடிப்பைத் தேடுவதற்கு முன் தேடவேண்டியவை பல. மாவடிப்பள்ளித் துயரமும் வெடிப்பால் நேர்ந்ததன்று. வீதியை மேவிய நீரால் நேர்ந்தது. உலகின் மிகச் சிறந்த ட்ரோன் அதற்கு முன்னாள் வந்து சோதித்திருந்தாலும், ‘கொங்கிறீற்று நலம்’ என்றே எழுதிச் சென்றிருக்கும். அன்று வேண்டியிருந்தது நீர்மட்டம் காட்டும் ஒரு கம்பமும், குறுக்கே ஒரு தடையும், ‘இதற்கு மேல் எவரும் போகலாகாது’ என்று சொல்லும் அதிகாரமுடைய ஒருவரும்.

இனி, கண்ணைப் பற்றி நான் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். அமெரிக்காவில் மெம்பிசு நகரருகே மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் எர்னாண்டோ டி சோட்டோ பாலம் 1973இல் திறக்கப்பட்டது. 2021 மே 11ஆம் நாள் சோதனைக்காகச் சென்ற பொறியியலாளர், பாலத்தைத் தாங்கும் முக்கியமான இரும்பு உத்திரம் ஒன்று ஏறக்குறைய முற்றாகப் பிளந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, உடனே அவசர எண்ணை அழைத்துப் பாலத்தை மூடச் செய்தனர். நாள்தோறும் பல்லாயிரம் வாகனங்கள் செல்லும் பாலம் அது. ஓர் உயிரும் போகவில்லை என்பது நற்பேறு. பின்னர் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தபொழுதுதான் வியப்பு வெளிப்பட்டது. ஈராண்டுக்கு முன்பு, 2019 மே மாதத்தில், ட்ரோன் எடுத்த படத்திலேயே அவ்வெடிப்பு இருந்தது! ட்ரோன் கண்டது, மனிதர் காணவில்லை. ஆற்றிற் சிறுபடகு வலித்துச் சென்ற ஒருவர் 2016இல் வேடிக்கைக்காக எடுத்த நிழற்படத்திலும் அது தெரிந்ததாம். ஐந்தாண்டுக் காலம் அவ்வெடிப்பு உலகத்துக்குத் தன்னைக் காட்டிக்கொண்டே இருந்தது.

இது ஒன்று மட்டுமன்று. மினியாபொலிசு நகரில் 2007 ஓகஸ்ட் 1ஆம் நாள் மாலையில் வீழ்ந்து 13 உயிர்களைக் கொண்ட பாலத்தின் இணைப்புத் தகடுகள் வளைந்திருந்ததை 2003இல் எடுத்த நிழற்படங்கள் காட்டின. அத்தகடுகள் வேண்டிய தடிப்பில் ஏறத்தாழப் பாதியே என்பது விபத்தின் பின்னரே விளங்கிற்று. படம் இருந்தது, படத்தைப் படித்தவர் இல்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. அமெரிக்காவிலேயே ஓகாயோ ஆற்றின் மீதிருந்த ‘வெள்ளிப் பாலம்’ 1967 டிசெம்பர் 15ஆம் நாள் வீழ்ந்து 46 பேர் இறந்தனர். ஓர் இணைப்புச் சட்டத்தின் உட்புறத்தில் இருந்த, இரண்டரை மில்லிமீற்றர் ஆழமுள்ள வெடிப்பே காரணம். மூட்டைக் கழற்றாமல் அதனைக் காண எக்கண்ணாலும் முடியாது. இவ்விபத்தின் பின்னரே அந்நாட்டில் பாலங்களை முறையாகச் சோதிக்கும் சட்டம் பிறந்தது. ஆகவே காணமுடியாத நோயும் உண்டு; கண்டும் படிக்கப்படாத நோயும் உண்டு. பின்னதற்கு மன்னிப்பு இல்லை.

ஏட்டுச் சுவடி பயின்றோருக்கு இது புதிதன்று. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. செல்லரித்த துளை ஓரெழுத்தையே விழுங்கியிருக்கும். கண் நன்றாயிருப்பவன் எழுத்தைக் காண்பான். பாடத்தைப் படிப்பவன் வேறொருவன். பொருள் அறியாது பார்த்தெழுதுவோர் முன்னோர் பிழையையும் தம் பிழையையும் சேர்த்தெழுதிச் சென்றனர். பார்த்தெழுதும் வேலையைப் பொறி செய்யட்டும். மனிதரிலும் விரைவாகச் செய்யும், களைப்பின்றிச் செய்யும். ‘இவ்விடத்து இப்பாடம் பொருந்தாது’ என்று கை வைத்துச் சொல்வதற்குத் தாமோதரம்பிள்ளை போன்ற ஒருவர் வேண்டும். அச்சொல்லுக்குத் தம் பெயரையும் முகப்பில் இடவேண்டும். பதிப்பாசிரியர் பெயரில்லாத பதிப்பை நாம் நம்புவதில்லையே!

கண்டதைப் படித்து, படித்ததற்கு ஏற்ப நடந்த வரலாறு ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கின்றது. எம் முன்னோர் சென்னைக்கும் அண்ணாமலை நகருக்கும் படிக்கச் சென்றது தலைமன்னாரிற் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, புகைவண்டியிற் பாம்பன் பாலத்தைக் கடந்துதான். 1914இல் திறந்த அப்பாலம் ஏறத்தாழ ஈராயிரம் மீற்றர் கடலைத் தாண்டி நின்றது. நடுவே கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பகுதியும் உடையது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாலத்தின் உத்திரங்களிற் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டுபோயிற்று. நாற்பத்தாறு நாளில் அதனை மீட்டெடுத்தனர். பிற்காலத்தில் உப்புக்காற்று திறப்புப் பகுதியை அரிக்கத் தொடங்கியபொழுது, சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தார் அதிர்வையும் இழுவையையும் இடைவிடாது அளக்கும் உணரிகளைப் பொருத்தினர். பொறி சொன்னதைப் பொறுப்பாளர் கேட்டனர். முதலில் வண்டியின் வேகத்தைக் குறைத்தனர். இடையிடையே ஓட்டத்தை நிறுத்தினர். 2022 டிசெம்பரில் முற்றாகவே நிறுத்திவிட்டனர். பயணிகளுக்கு இடர்தான், வருவாய் இழப்புந்தான். 2025 ஏப்பிரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்படும் வரைக்கும் இராமேசுவரம் புகைவண்டியின்றி இருந்தது. ஆயினும் நூறாண்டு கண்ட அக்கிழப் பாலம் ஓர் உயிரையும் தன்னோடு கொண்டுபோகாமல் ஓய்வு பெற்றது. பொறி செய்த நன்மை இதில் எவ்வளவு, ‘நிறுத்து’ என்று கையெழுத்திட்டவர் செய்த நன்மை எவ்வளவு என்று கேட்டால், நான் பின்னவரையே முதலிற் சொல்வேன்.

எங்கள் நாட்டிலோ 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றதோடு, மாவட்டந்தோறும் வீதிகளையும் பாலங்களையும் உடைத்துச் சென்றது. அதன் பின்னர் ட்ரோன், செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு எங்கும் கேட்கின்றது. நன்று. வாங்குங்கள், இளைஞருக்குப் பயிற்சி கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் அதிற் கெட்டிக்காரர்கள். ஆயினும் முன்னதாகச் சிறு கேள்வி ஒன்று. வண்டு கண்டதை எவரிடம் சொல்லும்?

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் படைத்த தலைவன், ஒரு தும்பியிடம் தன் மனத்துக்கு இனியதை அன்று, அது கண்டதையே கேட்கிறான். கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். ஒரு வீதி பெருந்தெருவாயின் ஓர் அதிகார சபைக்கு உரியது. மாகாண வீதியாயின் வேறொரு திணைக்களத்துக்கு. ஊர்ப் பாதையாயின் பிரதேச சபைக்கு. அடியில் ஓடும் நீர் மற்றொருவருக்கு. மழைநீர் இவ்வெல்லைகளை அறிந்து ஓடுவதில்லை. வண்டு எடுத்த படம் இவற்றில் எந்த மேசையில் இறங்கும் என்று கேட்டால், ஒருவர் மற்றவரைக் காட்டுவர்.

என் அனுபவம் ஒன்று உண்டு. எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் வாய்க்காலின் மேல் ஒரு சிறிய மதகு இருக்கின்றது. அதன் அடியிற் கொங்கிறீற்று உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வான்களும் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்களும் அதன் மேற்போகின்றன. அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினேன். ஒருவர் வந்தார், கைபேசியாற் படம் எடுத்தார், போனார். ஆறு மாதம் கழித்து இரண்டாங் கடிதம். ‘படம் எடுத்தாயிற்று, ஐயா’ என்று மறுமொழி. மூன்றாங் கடிதத்துக்கும் அதுவே. நான் சினக்கவில்லை, சற்று நகைத்தேன். படம் எடுப்பதே பழுது பார்ப்பது என்று ஆகிவிட்ட பிறகு, எடுத்த கருவி கைபேசியாயின் என்ன, பறக்கும் பொறியாயின் என்ன?

எங்கள் வயல்களில் வட்டவிதானை என்றொருவர் இருப்பதைப் படிப்போர் பலர் அறிவர். வாய்க்காலும் வரம்பும் அவர் பார்வையில். அவர் கையில் எக்கருவியும் இல்லை. காலால் நடந்து பார்க்கிறார். ஆயினும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லா விவசாயிகளின் முன்பும் அவர் எழுந்து நின்று விடை சொல்லவேண்டும். ‘இன்ன இடத்தில் உடைப்பு என்று சொன்னேமே, ஏன் அடைக்கவில்லை?’ என்று எவரும் கேட்கலாம். அவருடைய கண்ணுக்குக் கூர்மை தருவது அந்தக் கேள்விதான். பாலத்துக்கு வட்டவிதானை யார்?

ஆகவே நான் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வொரு பாலத்தின் தலைமாட்டிலும் ஒரு பலகை நடுக. கட்டிய ஆண்டு, கடைசியாகச் சோதித்த நாள், கண்ட குறை, அதனைத் திருத்தக் குறித்த நாள், விடை சொல்லவேண்டியவரின் பதவி, இவ்வளவும் தமிழில் எழுதுக. பொறி எடுத்த படங்களையும் அதன் முடிவுகளையும் விரும்பியோர் பார்க்கத் திறந்து வைக்க. தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நமக்கு இருக்கின்றது. மனு எழுதிக் கேட்டுப் பெறவேண்டியதைக் கேளாமலே தருவதில் யாருக்கு நட்டம்? மாரிக்கு முன்பு ஒருமுறை, வெள்ளம் வடிந்தபின் ஒருமுறை, அதே இடத்திற் படமெடுத்து ஒப்பிடுக. தூணடியின் ஆழத்தையும் அப்பொழுதே அளக்க. தாம்போதிகளில் நீர்மட்டக் கம்பம் நடுக. எங்கள் மாணவர் இதிற் பங்குகொள்ள ஆயத்தமாயிருக்கின்றனர். மன்றத்தில் வென்ற அணியினரையே நான் முதலில் அனுப்புவேன். வெட்டிப் பேசியவர்களின் கையிற் சுத்தியலைக் கொடுப்பேன்.

அவ்விவாதம் முடிந்த மறு கிழமை, ஒட்டிப் பேசிய மாணவன் ஒருவன் தன் தமையனின் சிறிய ட்ரோனோடு என் வீட்டுக்கு வந்தான். நில அளவைத் தொழில் செய்யும் தமையன் உரிய அனுமதி பெற்று வைத்திருப்பவன். அவனும் உடன் வந்தான். மதகின் அடிக்கு அதனைப் பறக்கவிட்டனர். நான் முன்பு குனிந்து பார்த்து மூன்று கம்பி என்று எழுதியிருந்தேன். படத்தில் ஏழு கம்பிகள் தெரிந்தன; அவற்றில் இரண்டு நடுவில் அற்றிருந்தன. பொறியை நான் குறைவாக மதித்ததற்கு அவன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான். ‘சேர், இனி என்ன செய்வது?’ என்று கேட்டான்.

நான்காங் கடிதம் எழுதினேன். ஏழு கம்பிகளின் படத்தையும் இணைத்தேன். மாணவன் தன் பெயரையும் என் பெயருக்குக் கீழே இட்டான். அதனை அனுப்பி இன்றோடு பன்னிரண்டு நாள். ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்பது கிழமை இருக்கின்றது.